யூகப் பட்டியலில் இடம்பெறாத படங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரி காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் களைகட்டும். பழைய பேண்ட், பிளாஸ்டிக் குடம், சார்ஜர் வயர், பள்ளிக்கூட கைடு என்று பரப்பிவைத்த கடைகளுக்கு நடுவே பழைய டிவிடி, விசிடி குவித்துவைத்திருப்பவர்கள் இன்னும் ஒருசிலர் இருக்கிறார்கள். அந்தக் குவியலைக் கிளறுகிற நான்கு பேரோடு எனக்குச் சில ஆண்டுகளாகப் பழக்கம். ஒருவர் ஓய்வுபெற்ற மின்துறை ஊழியர், ஒருவர் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர், இருவர் கல்லூரி மாணவர்கள். கிளறி முடித்ததும் டீக்கடைக்குப் போவோம். அங்கே ஒரு விளையாட்டு நடக்கும்: இந்த வருஷம் எந்தப் படத்துக்கு ஸ்பெஷல் எடிஷன் வரும்? எது 4கே ஆகும்? எது மறுபடி தியேட்டருக்கு வரும்?

ஆளுக்கு ஒரு பட்டியல் எழுதி, ஜெயித்தவருக்கு மற்றவர்கள் பிரியாணி வாங்கித் தர வேண்டும். இது உலகம் முழுக்க நடக்கிற விளையாட்டுதான். அமெரிக்காவில் கிரைட்டீரியன் என்றொரு நிறுவனம் உலகப் படங்களைச் சீரமைத்து, கட்டுரைகளும் நேர்காணல்களும் சேர்த்து வட்டுகளாக வெளியிடுகிறது. ஆண்டுதோறும் புத்தாண்டையொட்டி அது வெளியிடும் ஒரு கார்ட்டூனில் அந்த ஆண்டு வரப்போகும் படங்களுக்கான குறிப்புகள் ஒளிந்திருக்கும். சேகரிப்பாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து அதை அவிழ்ப்பார்கள். எங்கள் டீக்கடையில் கார்ட்டூன் கிடையாது. நட்சத்திரங்களின் பிறந்தநாள்களும், படங்களின் 25ஆம், 30ஆம் ஆண்டுக் கணக்குகளும்தான் எங்களுக்குக் குறிப்பு.

கடைசியாகப் பட்டியல் போட்டபோது நால்வருடையதையும் வாங்கிப் பார்த்தேன். ‘தேவர் மகன்’ நான்கிலும் இருந்தது. ‘சின்னக் கவுண்டர்’ மூன்றில். ‘நாட்டாமை’ இரண்டில். ‘எஜமான்’ ஒன்றில். “கண் சிவந்தால் மண் சிவக்கும் யாரும் போடலையா?” என்று கேட்டேன். மாணவர்கள் இருவரும் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. மின்துறை அண்ணன் மட்டும் சிரித்தார். “நல்ல படம்தாம்மா. ஆனா அதுக்கு யாரு நெகட்டிவ் வச்சிருக்கா? யாரு காசு போடுவா? வராத படத்தப் போட்டு நான் ஏன் தோக்கணும்?”

அவர் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் அந்தக் கேள்வியை விட முடியவில்லை.

அந்தப் படம் எனக்கு ஆய்வுப் பொருள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார். 1977இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அந்த நாவலைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் இயக்கி, இளையராஜா இசையில் 1983இல் வந்தது ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’. இயக்குநரின் சிறந்த முதல் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. நாவல்மீது இடதுசாரிகளும் தலித் விமர்சகர்களும் வைத்த முக்கியமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு: பண்ணையாரின் வன்மத்துக்கு அவருடைய ஆண்மைக்குறையைக் காரணமாக்கியதன் மூலம், நிலமும் கூலியும் சாதியும் செய்த கொலையைத் தனிமனித மனக்கோளாறாகச் சுருக்கிவிட்டது என்பது. படம் இதை எப்படிக் கையாண்டது? வசனத்தில் எதை விட்டது, சட்டகத்தில் யாரை நடுவில் நிறுத்தியது? இதுதான் என் ஆய்வேட்டின் ஓர் இயலுக்கான கேள்வி.

என் கையில் இருப்பது கைமாறிக் கைமாறி வந்த ஒரு மங்கிய பிரதி. இரவுக் காட்சிகளில் முகம் தெரியாது. சில இடங்களில் ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். அந்த இருட்டில் நிற்பவர் யார், அவர் கையில் இருப்பது என்ன என்று தெரியாமல் ஓர் ஆய்வேட்டில் எப்படி எழுதுவது? நல்ல பிரதி தேடிச் சில அலுவலகங்களின் படிக்கட்டுகளை ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் “இதெல்லாம் யார் பார்க்கப்போறா?” என்றார்கள். அந்த இயலில் ஒரு பத்தி இன்னமும் காலியாகவே இருக்கிறது.

ஒரு படம் ஸ்பெஷல் எடிஷனாக வருவதற்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். முதலில், மூல நெகட்டிவோ குறைந்தபட்சம் ஒரு நல்ல பிரதியோ உயிரோடு இருக்க வேண்டும். இரண்டாவது, உரிமை யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு சட்டகமாக ஸ்கேன் செய்து, கீறல் நீக்கி, நிறம் திருத்தி, ஒலியைச் சுத்தம் செய்ய யாராவது பணம் போட வேண்டும். போட்ட பணம் திரும்பும் என்ற நம்பிக்கை வேண்டும்.

இந்த மூன்றும் சாதி பார்க்காத தொழில்நுட்ப விஷயங்கள் என்றே தோன்றும். ஆனால் நெகட்டிவ் யாரிடம் பத்திரமாக இருக்கும்? தொடர்ந்து படம் எடுத்த, சொந்தமாகக் கட்டடமும் வாரிசும் உள்ள நிறுவனங்களிடம். ஒரே ஒரு படம் எடுத்துக் கடனாளியானவர்களின் நெகட்டிவ் லேபிலேயே கிடக்கும். டிஜிட்டல் வந்ததும் சென்னையின் லேப்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பழைய பிரதிகள் பல, அவற்றிலுள்ள வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டன. என் அப்பா பாகூர் பக்கம் ஒரு டெண்டுக் கொட்டகையில் படப்பெட்டி தூக்கியவர். “ஓடி முடிஞ்ச பிலிமைத் துண்டு துண்டா வெட்டி ஸ்கூல் புள்ளைங்களுக்கு வித்துடுவாங்க. லென்ஸ் வச்சு வெயில்ல சுவத்துல காட்டுவீங்களே, அதுதான்” என்பார். பல படங்களின் கடைசி வெளியீடு அந்தச் சுவர்தான்.

இழப்பு எல்லாருக்கும் நேர்ந்ததுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று இல்லை. நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ இல்லை. 2003இல் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் நடந்த தீவிபத்தில் நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக எரிந்தன. தீ சாதி பார்க்கவில்லை. எதை மறுபடி அச்செடுத்து வைப்பது, எதைத் தேடுவது, எதை ‘நம் பெருமை’ என்று அழைப்பது ஆகியவற்றை மனிதர்கள் முடிவுசெய்கிறார்கள். சாதி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

பி.கே. ரோஸியை நினைத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தின் முதல் கதாநாயகி. ஜே.சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ படத்தில் ஒரு தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காகத் திருவனந்தபுரம் திரையரங்கில் கலவரம் செய்தார்கள். அவரை ஊரைவிட்டே விரட்டினார்கள். அவர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, நடிகை என்ற அடையாளமே இல்லாமல் வாழ்ந்து மறைந்தார். அந்தப் படம் இன்று இல்லை. ஐயத்துக்கிடமற்ற அவருடைய புகைப்படம்கூட இல்லை. 2023 பிப்ரவரியில் கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்தபோது, கற்பனையின் துணையோடுதான் வரைய முடிந்தது. எந்தச் சேகரிப்பாளர் பட்டியலிலும் ‘விகதகுமாரன்’ வராது. நீலம் பண்பாட்டு மையம் தன் திரைப்பட விழாவுக்கு அவர் பெயரை வைத்தது அதனால்தான் முக்கியமாகிறது. படம் இல்லாத இடத்தில் குறைந்தபட்சம் பெயராவது நிற்கட்டும்.

இனி மறுபக்கம். 2012இல் சிவாஜியின் ‘கர்ணன்’ டிஜிட்டலில் வந்து நூறு நாள்களைத் தாண்டி ஓடியது. பழைய படத்தில் காசு இருக்கிறது என்று எல்லாருக்கும் அப்போதுதான் தெரிந்தது. 2024இல் ‘கில்லி’ வந்தபோது தியேட்டரில் முதல் நாள் கூட்டம். அதன்பின் வாரத்துக்கு ஒரு பழைய படம் என்கிற நிலை. விஜய் ரசிகர்களுடன் உட்கார்ந்து நானும் விசிலடித்தேன், மறைக்க ஒன்றுமில்லை. சிக்கல் என்னவென்றால், ஒரு படம் 4கேயில் மறுபிறவி எடுக்கும்போது அது ‘கிளாசிக்’ என்ற பட்டத்தோடு வருகிறது. 1990களின் தொடக்கத்தில் சாதிப் பெயரையே தலைப்பாகச் சூடிய படங்கள், பஞ்சாயத்துத் திண்ணையில் மீசை முறுக்கிய படங்கள் மண்டல் காலத்துச் சாதித் திரட்டலோடு சேர்ந்தே வந்தவை. அவை அப்பழுக்கில்லாத படத்துல்லியத்தோடு திரும்பி வரும்போது, அந்தப் பின்னணி மட்டும் கழுவப்பட்டுவிடுகிறது. இருபது வயதுப் பையனுக்கு அது வெறும் ‘மாஸ்’.

அப்படியென்றால் அந்தப் படங்களைத் தடை செய்யச் சொல்கிறேனா? இல்லை. இடஒதுக்கீட்டை எதிர்த்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்காக 1989இல் உச்ச நீதிமன்றம் எழுதிய தீர்ப்புதான், இன்று கருத்துரிமைக்காக நம் தரப்பும் மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு. ‘தேவர் மகன்’ அழியக் கூடாது என்பதில் மின்துறை அண்ணனோடு எனக்கு உடன்பாடே. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம் அது. நான் கேட்பது வேறு: அதன் ஸ்பெஷல் எடிஷன் வந்தால், உள்ளே இருக்கும் கையேட்டை யார் எழுதுவது?

ஸ்பெஷல் எடிஷன் என்பது வெறும் சுத்தமான படம் மட்டுமில்லை. கூடவே வரும் கட்டுரை, நேர்காணல், பின்னணி உரை எல்லாம் சேர்ந்ததுதான் ‘ஸ்பெஷல்’. ஒரு படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவைதான் சொல்லிக்கொடுக்கின்றன. ‘தேவர் மகன்’ தனக்குள் உண்டாக்கிய வலியைப் பற்றி மாரி செல்வராஜ் வெளிப்படையாகப் பேசினார். அதில் வடிவேலு நடித்த இசக்கி என்ன ஆனான் என்ற கேள்வியிலிருந்துதான் 2023இன் ‘மாமன்னன்’ பிறந்தது என்றார். அதே வடிவேலு, இங்கே மாமன்னனாக வந்து உட்கார்ந்தார். முப்பது ஆண்டு இடைவெளியில் நடந்த இந்த உரையாடலைச் சேர்க்காத ஒரு ‘தேவர் மகன்’ ஸ்பெஷல் எடிஷன் அரைகுறைப் பதிப்புதான்.

‘இதெல்லாம் சந்தை முடிவு செய்வது, நாம் என்ன செய்ய முடியும்?’ என்று கேட்கலாம். மூன்று நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

ஒன்று, அமெரிக்காவில் நடந்தது. 2020 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் ஒரு கணக்கெடுத்து வெளியிட்டது. கிரைட்டீரியன் வெளியிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் ஆப்பிரிக்க அமெரிக்க இயக்குநர்கள் நான்கே பேர். நிறுவனத்தின் தலைவர் தங்கள் பார்வையில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே மார்லன் ரிக்ஸ், மெல்வின் வான் பீபிள்ஸ் ஆகியோரின் படங்கள் தொகுப்புகளாக வந்தன. அவை அதுவரை யூகப் பட்டியல்களில் வெறும் ஆசையாக இருந்தவை. எண்ணிக் காட்டியதும் நகர்ந்தது.

இரண்டு, குஜராத்தில் தொடங்கியது. ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ 1976இல் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். கூட்டுறவுக்குள் சாதி எப்படிப் புகுந்து நிற்கிறது என்று பேசிய படம். நஸீருத்தீன் ஷா அதில் தலித் இளைஞராக வருவார். ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் அதைச் சீரமைத்து, 2024இல் கான் விழாவில் திரையிட்டது. பிறகு திரையரங்குகளுக்கும் வந்தது. அந்தச் சீரமைப்புக்குப் பணம் தந்தது அதே பால் கூட்டுறவு இணையம். தங்கள் கதை என்று உரிமை கொண்டாட ஓர் அமைப்பு இருந்ததால் அந்தப் படம் பிழைத்தது. கீழ்வெண்மணி யாருடைய கதை? ஆண்டுதோறும் டிசம்பர் 25இல் அங்கே கொடியேற்றுகிற கட்சிகளும் தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் அமைப்புகளும் நம்மிடையே இருக்கின்றன. ஒரு படத்தைச் சீரமைக்கும் செலவு அவர்களால் முடியாத ஒன்றா?

மூன்றாவது, நாமே செய்தது. ஜப்பார் படேல் இயக்கி, மம்முட்டி நடித்த ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ அரசுப் பணத்தில் எடுக்கப்பட்டு 2000 வாக்கில் முடிந்த படம். மம்முட்டிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. தமிழில் அது மக்களை வந்தடைய 2010 டிசம்பர் ஆயிற்று. அதுவும் நீதிமன்றம்வரை போய், அமைப்புகள் தெருவில் இறங்கிக் கேட்டு, எழுத்தாளர் சங்கத்தினர் திரையரங்கு திரையரங்காக அலைந்ததால்தான் நடந்தது. பத்தாண்டுகள் பெட்டிக்குள் கிடந்த படத்தைச் சந்தை வெளியே எடுக்கவில்லை, இயக்கம் எடுத்தது.

சேகரிப்பது என்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அயோத்திதாசர் 1907 முதல் 1914 வரை நடத்திய ‘தமிழன்’ இதழ் பெரிய நூலகங்களின் தயவில் நமக்குக் கிடைக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற தனிமனிதர்களும் பௌத்தச் சங்கத்தினரும் பழைய தாள்களைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வந்தபோது தமிழ்ச் சிந்தனை வரலாறே திருத்தி எழுதப்பட்டது. ஒரு ‘ஸ்பெஷல் எடிஷன்’ என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. சண்டே மார்க்கெட்டில் டிவிடி கிளறுகிற அண்ணன் அந்த மரபில் வந்தவர்தான். அவருக்கே அது தெரியாது, அவ்வளவுதான்.

புதிய படங்கள் பத்திரமாக இருக்கின்றன என்ற நிம்மதியும் வேண்டாம். ‘சார்பட்டா பரம்பரை’, ‘ஜெய் பீம்’ இரண்டும் 2021இல் நேராக அமேசான் பிரைமில் வந்தன. தியேட்டர் பிரதி கிடையாது. நாம் மாதச் சந்தா கட்டிப் பார்ப்பது வாடகைக்குப் பார்ப்பது மாதிரி. நாளை ஒப்பந்தம் முடிந்தால், அல்லது யாரோ மிரட்டினால், நம் வீட்டு அலமாரியில் எதுவும் மிஞ்சாது. ஆவணப்படங்களின் நிலை இன்னும் மோசம். தாமிரபரணியில் 17 பேர் செத்ததைப் பதிவுசெய்த ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’, மதுரைத் தூய்மைப் பணியாளர் ஒருவரின் காலைப் பொழுதைக் காட்டிய அமுதன் ஆர்.பி.யின் ‘பீ’ போன்றவை வீடியோ காலத்துப் படங்கள். வீடியோ நாடா சில பத்தாண்டுகளில் தானே செத்துவிடும். அதை ஓட்டிக் காட்டும் கருவிகளும் அரிதாகிவிட்டன. செல்லுலாய்டுக்காகக் கண்ணீர் விடுகிற யாரும் இந்த நாடாக்களைப் பற்றிப் பேசுவதில்லை.

இங்கே புதுச்சேரிக்கு ஒரு கடமை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊருக்கு விட்டுப்போன கட்டடங்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து டூரிஸ்ட்டுக்குக் காட்டுகிறோம். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம் ஒன்று உண்டு. அச்சிடும் நூலில் ஒரு பிரதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி அங்கே 1537இலேயே வந்துவிட்டது. பின்னாளில் திரைப்படங்களுக்கும் அது விரிந்தது. இந்தியாவில் நூல்களுக்கு 1954 சட்டம் இருக்கிறது; திரைப்படங்களுக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. புதுச்சேரி அரசு, நவதர்ஷன் திரைப்படக் கழகத்தோடும் அலியான்ஸ் பிரான்சேஸோடும் சேர்ந்து இந்தியத் திரைப்பட விழா நடத்துகிறது. இந்த மண்ணில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் சிறந்த படத்துக்கு விருதும் தருகிறது. அந்த விருதோடு ஒரே ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: விருது பெறும் படத்தின் தரமான பாதுகாப்புப் பிரதி ஒன்று அரசிடம் வைக்கப்பட வேண்டும். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் நினைவில்லம் இருக்கிறது. அவர் உரையாடல் எழுதிய ‘வளையாபதி’யை, அவருடைய படைப்பிலிருந்து பிறந்த ‘பொன்முடி’யை அங்கே போய்ப் பார்க்க முடியும் என்றாக வேண்டும். ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்தில் இதே ஊரில் ஒரு நாடகக் குழு உட்கார்ந்து காதலையும் சாதியையும் விவாதிக்கிறது. அந்தப் படத்துக்கு இந்த ஊரில் ஒரு பிரதி இருக்கக் கூடாதா?

தோழர்களே, உங்களிடமும் கேட்க இருக்கிறது. உங்கள் அமைப்பின் பழைய அலுவலகத்தில், அண்ணன்மார் வீட்டுப் பரணில், கூட்டங்களைப் பதிவுசெய்த வீடியோ நாடாக்களும் ஆவணப்பட விசிடிக்களும் கிடக்கும். இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். என்ன, எந்த ஆண்டு, யார் எடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓட்ட முடிகிறவற்றை எடுத்தவரின் ஒப்புதலோடு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். இது பெரிய அரசியலாகத் தெரியாது. ‘தமிழன்’ இதழை மடித்து வைத்தவர்களுக்கும் அன்று அப்படித்தான் தோன்றியிருக்கும்.

கடைசியாக, நானும் ஒரு பட்டியல் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படத்தோடு சேர்த்து ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’. ஜான் ஆபிரகாமின் ‘அக்ரகாரத்தில் கழுதை’. அம்பேத்கர் படத்தின் தமிழ் வடிவம். ‘நதியின் மரணம்’, ‘பீ’ இரண்டும் ஒரே வட்டில். ‘சார்பட்டா பரம்பரை’, வடசென்னைக் குத்துச்சண்டைக்காரர்களின் நேர்காணல்களோடு.

அவர் படித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “இதுல ஒண்ணுகூட வராதும்மா. பிரியாணி நீதான் வாங்கித் தரப்போற.”

வாங்கித் தருகிறேன். சந்தையைப் பார்த்து யூகித்தால் என் பட்டியல் தோற்கும் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் இதை இங்கே கோரிக்கையாக எழுதுகிறேன்.